கீழறைக்குள் ஊறும் தண்ணீருக்கு வழி விடுவது: திருகோணமலைச் சரிவுக் காணிக்காரருக்கு

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நிலத்துக்குக் கீழே ஓர் அறை கட்டலாமா என்று யாராவது கேட்டால் என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். மாரியில் அந்த மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் எட்டிப் பார்க்கும். அங்கே கீழறை கட்டுவது தொட்டிக்குள் பாய் விரிப்பது போல. எவ்வளவு இறைத்தாலும் சுற்றுவட்டார மணலில் உள்ள தண்ணீர் முழுவதும் உங்களைத் தேடித்தான் வரும்.

நான் எழுதுவது ஓர்ஸ்ஹில் மாதிரியான மேட்டுக் காணிகளில் இருப்பவர்களுக்கு. வாசல் வீதி மட்டத்தில் இருக்கும், பின்னுக்கு நிலம் இறங்கிப்போகும், அந்த இறக்கத்தைப் பயன்படுத்தி அடியில் ஓர் அறை இருக்கும். சிலர் அண்டர்கிரவுண்ட் என்பார்கள், சிலர் கீழ்வீடு என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. மூன்று பக்கச் சுவர் மண்ணுக்குள். நாலாவது பக்கம் கதவு, பின்வளவிலிருந்து மூன்று படி இறங்கித்தான் உள்ளே போகலாம். பழைய சாமான் போட்டிருந்த அறையைப் பிள்ளைகளுக்குப் படிக்கும் அறையாக்க நினைத்ததில்தான் எல்லாம் தொடங்கியது. சுவரை முழுக்கச் சுரண்டி, தண்ணீர் புகாத மருந்து கலந்து சீமெந்து பூசி, வர்ணமும் அடித்தோம். அந்த டிசம்பரிலேயே பூச்சு அப்பளம் மாதிரிக் கொப்பளித்தது. ஒரு கொப்பளத்தை விரலால் குத்தினேன். உள்ளிருந்து தண்ணீர் கோடாக வழிந்தது.

அதைப் பார்க்க வந்த மேசன் அண்ணை ஒருவர் சொன்னது இது: "தம்பி, தண்ணிய மறிக்க ஏலாது. வழி விடத்தான் ஏலும்." உட்புற வடிகால் என்று சொல்லப்படுவது முழுக்க இதுதான். சுவரின் காலடியில், தரைக்கு அடியில், தண்ணீர் தானாக வந்து விழ ஒரு பாதை வெட்டி, அதை வெளியே கொண்டுபோவது. ஆனால் தரையை உடைக்க முன் செய்யவேண்டியவை சில இருக்கின்றன. எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்தக் கட்டத்தோடேயே வேலையை முடித்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

எந்தத் தண்ணீர் என்று பாருங்கள்

கோடையிலும் ஈரம் காயவில்லை என்றால் அது மழைத் தண்ணீர் அல்ல. வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மீற்றரைப் பாருங்கள். அது சுற்றினால் எங்கோ குழாய் கசிகிறது. நாற்றம் இருந்தால் மலசலகூடக் குழியைச் சந்தேகியுங்கள். இந்த இரண்டுக்கும் வடிகால் மருந்தல்ல. முதலில் அதைத் திருத்துங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்தது காற்றில் இருக்கும் ஈரம். இரண்டடிக்கு இரண்டடி பொலித்தீன் துண்டு ஒன்றைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப்பக்கம், அதாவது பொலித்தீனின் மேற்பரப்பில், துளி கட்டியிருந்தால் அது காற்றின் ஈரம். பொலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவே நனைந்திருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருவது. வாடைக்காற்றுக் காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் அறை காயும் என்று நினைப்பது பிழை. வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டு வியர்க்கும். அறையைத் திறந்துபோட்டுக் காயவிடக் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்கள்தான் சரி.

மிச்சம் இரண்டு: மேலிருந்து வரும் மழைத் தண்ணீர், கீழிருந்து ஏறும் நிலத்தடித் தண்ணீர். இதைப் பிரித்தறிய ஒரு கருவி அநேகமான வளவுகளில் ஏற்கெனவே இருக்கிறது. கிணறுதான் அது.

மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த ரியூப் ஒன்றை இரவல் வாங்குங்கள். அதில் தண்ணீர் நிரப்பி, கிணற்றுக் கட்டின் விளிம்புக்கும் கீழறைத் தரைக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று அளந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் விளிம்பிலிருந்து 7 அடி கீழே தரை. பிறகு ஒரு கயிற்றில் கல் கட்டி, விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். செப்டெம்பரில் எங்களுக்கு 16 அடி. டிசம்பர் கடைசியில் 6 அடி. தரையைவிட ஓரடி மேலே தண்ணீர் நிற்கிறது என்று இதற்குப் பொருள். அந்த ஓரடி உயரம், தரையின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறக்குறைய 300 கிலோ பாரத்தோடு அடியிலிருந்து மேலே தள்ளும். பூச்சு கொப்பளிக்காமல் என்ன செய்யும்? நிலத்தடித் தண்ணீர் தன் பாட்டில் மேலே ஏறும் என்பதைக் கன்னியாவில் ஏழு வெந்நீர் ஊற்றுக் கிணறு வைத்திருக்கும் ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாரியிலும் கிணற்றுத் தண்ணீர் தரை மட்டத்துக்குக் கீழேயே நின்று, ஆனாலும் சுவர் நனைந்தால், அது மேலிருந்து வருவது. மழை பெய்து சில மணி நேரத்தில் மேட்டுப்பக்கச் சுவர் மட்டும் நனைகிறதா? இங்கே பல இடங்களில் மண் மெல்லிய போர்வைதான், அடியில் பாறை. மண்ணுக்குள் இறங்கிய மழை பாறையின் முதுகில் வழுக்கிக்கொண்டு வந்து முதலில் முட்டும் சுவர் உங்களுடையது.

வெளியே முடிந்ததை முதலில் முடியுங்கள்

ஒரு கணக்கு. 1000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 9,300 லீற்றர் தண்ணீர். ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்பதைச் சுவரின் காலடியில் கவிழ்ப்பதற்குச் சமம். எங்கள் பக்கம் நவம்பர், டிசம்பரில் ஒரு நாளில் அவ்வளவு பெய்வது ஒன்றும் அதிசயமில்லை. ஆகவே கூரை ஓரத்தில் மழைத் தண்ணீரைப் பிடிக்கும் பீலி முக்கியம். பீலி இருக்கிறது என்பது போதாது. அது இறங்கும் குழாய் எங்கே தண்ணீரை விடுகிறது என்று மழையில் குடை பிடித்துப் போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது மேட்டுப்பக்க மூலையில், சுவருக்கு ஒன்றரை அடி தள்ளி, ஒரு செவ்வரத்தைப் பாத்திக்குள் விட்டுக்கொண்டிருந்தது. செவ்வரத்தை நன்றாகத்தான் பூத்தது.

சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் நிலம் 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். மேட்டுப்பக்கம் இடமிருந்தால் சுவருக்குச் சில அடி தள்ளிக் குறுக்கே ஒரு கான் வெட்டி, ஓடிவரும் தண்ணீரை வீட்டின் இரு பக்கமும் திருப்பிவிடுங்கள். அப்புறம் ஒரு மாரி பொறுங்கள். கை அரித்தாலும் பொறுங்கள். அந்த மாரியில் அறை காய்ந்தே இருந்தால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவையில்லை.

தரையை உடைக்கும் வேலை

இதற்குக் காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. கிணறு தாழ்ந்திருக்கும்போது உடைத்தால் காய்ந்த மண்ணில் வேலை. டிசம்பரில் உடைத்தால் முதல் துவாரத்திலேயே ஊற்று.

கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி இதுதான். மேட்டுப்பக்கச் சுவர் மண்ணின் பாரத்தைத் தாங்கி நிற்கிறது. அதன் கால் வழுக்கி உள்ளே வராமல் பிடித்திருப்பதில் கொங்கிறீட் தரைக்கும் பங்குண்டு. அந்த ஓரம் முழுவதையும் ஒரே நாளில் வெட்டித் திறந்தால் சுவருக்குப் பிடிமானம் போய்விடும். ஆறடி வெட்டுங்கள், அடுத்த ஆறடியை விடுங்கள், வெட்டியதில் சல்லியும் குழாயும் போட்டுக் கொங்கிறீட் மூடி இறுகிய பிறகு விட்ட பகுதிக்கு வாருங்கள். சுவரில் படுக்கைவாட்டில் வெடிப்பு இருந்தாலோ, நடுவில் உள்ளே தள்ளியிருந்தாலோ, எந்த மேசன் எவ்வளவு தைரியம் சொன்னாலும் ஒரு பொறியியலாளரைக் கூட்டிவந்து காட்டாமல் உளியை எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே வாய்க்கால் போகக்கூடாது. பழைய வீடுகளில் கருங்கல் அத்திவாரம். அது எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஒரு மூலையில் சின்னக் குழி தோண்டிக் கண்ணால் பார்த்த பிறகே ஆழத்தைத் தீர்மானியுங்கள். ஆழம் குறைவான அத்திவாரம் என்றால் வாய்க்காலைச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள்.

வெட்டும் அகலம் 12 முதல் 18 அங்குலம். இரண்டு பக்கமும் கிறைண்டரால் கோடு வெட்டிவிட்டு நடுவை உடைத்தால் விளிம்பு சிதறாது. தூசு மூக்கில் ஏறும், முகமூடி போடாமல் நிற்காதீர்கள். தரைக்குள் கரன்ட் வயர், தண்ணீர்க் குழாய் எதுவும் போகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஆழம் தொடங்கும் இடத்தில் 10 அங்குலம் வைத்தோம். அங்கிருந்து அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் வீதம் இறங்க வேண்டும். 20 அடிக்கு இரண்டரை அங்குலம். கண் மதிப்பில் இது பிடிபடாது. அதே ரியூப் மட்டத்தைத் திரும்ப எடுங்கள்.

சல்லி, துணி, குழாய்

வாய்க்காலின் அடியிலும் பக்கங்களிலும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, இரு ஓரமும் மேலே வெளியில் நிற்க விடுங்கள். மண் நுழையாது, தண்ணீர் நுழையும். பழைய சாரத்தை விரித்தாலும் சரிதானே என்று ஒருவர் கேட்டார். இரண்டு மாரியில் அது உக்கிச் சேறாகிவிடும். சாக்கும் அப்படியே.

துணியின் மேல் இரண்டு அங்குலம் முக்கால் அங்குலக் கருங்கல் சல்லி. அதன் மேல் நாலு அங்குலப் பிவிசி குழாய். பிறகு குழாயைச் சுற்றியும் மேலும் சல்லி. கடைசியில் துணியின் இரு ஓரத்தையும் மேலே மடித்து மூடுங்கள், சோற்றுப் பார்சல் மடிப்பதுபோல. துளை போட்ட குழாய் கிடைக்காவிட்டால் சாதாரணக் குழாயில் நீங்களே துளைக்கலாம்: 8 மில்லிமீற்றர் துளை, நாலு அங்குலத்துக்கு ஒன்று, இரண்டு வரிசை. துளைகள் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இதைப் பலர் தலைகீழாக வைக்கிறார்கள், மேலிருந்து தண்ணீர் விழும் என்ற நினைப்பில். வாய்க்காலில் தண்ணீர் அடியிலிருந்து ஏறுகிறது. துளை கீழே இருந்தால் அது ஏறத் தொடங்கியதுமே குழாய்க்குள் போய்விடும். மேலே இருந்தால் நாலு அங்குலம் ஏறிய பிறகுதான் போகும், அதற்குள் தரை நனைந்துவிடும்.

சல்லியைக் கழுவுங்கள். எங்களுக்கு வந்த முதல் லோட்டில் ஒரு வாளியை எடுத்து அலசிப் பார்த்தேன். தண்ணீர் பசும்பால் மாதிரி வெள்ளையாக ஓடியது. கல் உடைத்த தூள். அதை அப்படியே போட்டிருந்தால் முதல் மாரியிலேயே துணியும் துளையும் அடைத்துச் சீமெந்து மாதிரி இறுகியிருக்கும். நானும் மூத்தவனும் ஒரு ஞாயிறு முழுக்கக் கிணற்றடியில் சல்லி கழுவினோம். தெளிந்த தண்ணீர் வரும்வரை மூன்று அலசல் தேவைப்பட்டது.

மூலைகளில் குழாய் திரும்பும் இடத்தில் ஒரு நிமிர்ந்த குழாயை இணைத்து, தரை மட்டத்தில் மூடி போட்டு விடுங்கள். பின்னாளில் அடைத்தால் அதற்குள்ளால் ஹோஸ் விட்டுக் கழுவலாம். மூட முன், மேல் முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மறுமுனையில் வருகிறதா என்று பாருங்கள்.

சுவர் சீமெந்துக் கல்லால் கட்டியதென்றால் அடிவரிசைக் கல் ஒவ்வொன்றின் பொந்துக்கும் ஒரு துளை போடுங்கள். அங்கே தேங்கி நிற்கும் தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்கட்டும். எங்கள் சுவரில் துளைத்தபோது ஒரு கல்லிலிருந்து கால் வாளிக்குமேல் வந்தது, செப்டெம்பரில்! கசியும் சுவர் என்றால் குமிழ் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைச் சுவரில் அறைந்து, அதன் கீழ் ஓரத்தை வாய்க்காலுக்குள் விடலாம். கசிவு விரிப்பின் பின்னால் வழிந்து கீழே போகும். எங்களுக்கு அதைக் கொழும்பில் சொல்லி எடுக்க வேண்டியிருந்தது.

பிறகு சல்லியின் மேல் பொலித்தீன் விரித்து மூன்று நாலு அங்குலம் கொங்கிறீட் போட்டுத் தரையை மூடுங்கள். சுவரோரம் ஒரு விரல் இடைவெளி விட மறக்க வேண்டாம். மேசன் அதை அழகுக்காகப் பூசி மூடப் பார்ப்பார். விடாதீர்கள், சுவரில் வழிவது உள்ளே இறங்கும் வாசல் அது.

வெளியே கொண்டுபோவது: முதலில் மட்டம், பிறகுதான் பம்ப்

நான் விட்ட பிழை இங்கே. தரை பின்வளவைவிட இரண்டடி தாழ்வு, ஆகவே பம்ப் இல்லாமல் முடியாது என்று முடிவெடுத்துக் குழி தோண்டி பம்பும் வாங்கிவிட்டேன். அடுத்த வருடம் சும்மா ஒரு நாள் ரியூப் மட்டத்தைப் பின்வளவில் பிடித்துப் பார்த்தால், 40 அடி தள்ளி எல்லை வேலியடியில் நிலம் என் வாய்க்காலின் அடியைவிடக் கீழே இருக்கிறது! துளையில்லாத குழாய் ஒன்றை அதுவரை புதைத்துவிட்டால் தண்ணீர் தன் பாட்டில் போகும், கரன்ட் வேண்டாம், சத்தம் வேண்டாம். சரிவில் வீடு கட்டியவனுக்குக் கிடைக்கும் ஒரே சலுகை அது. நான் அதைப் பார்க்காமல் காசு செலவழித்தேன். இப்போது குழாய்தான் வேலை செய்கிறது, பம்ப் துணைக்கு நிற்கிறது. வெளிமுனைக்குக் கம்பிவலை போடுங்கள். தவளையும் எலியும் வரும், அவற்றைத் தேடிப் பாம்பும் வரும்.

அப்படி இறக்கம் கிடைக்காதவர்கள் அறையின் தாழ்ந்த மூலையில் 18 அங்குல விட்டம், இரண்டு முதல் இரண்டரை அடி ஆழத்தில் ஒரு குழி வைக்க வேண்டும். அந்த ஆழமும் அருகிலுள்ள அத்திவாரத்தின் அடியைக் குடையாதபடி தள்ளியே இருக்கட்டும். பம்பின் அளவைக் கடைக்காரரிடம் கேட்க முன் நீங்களே அளக்கலாம். அந்த விட்டத்தில் ஓரங்குலத் தண்ணீர் சுமார் 4 லீற்றர். கடும் மழையில் ஒரு நிமிடத்தில் 5 அங்குலம் ஏறினால் நிமிடத்துக்கு 20 லீற்றர் வருகிறது. தண்ணீரைத் தூக்கவேண்டிய உயரத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளும் பம்ப் போதும். அதற்கு மேல் பெரிதாக வாங்கினால் அது நொடிக்கு நொடி ஓடி நின்று சீக்கிரம் கெட்டுப்போகும். மிதவை சுவிட்ச் உள்ள, தண்ணீருக்குள் மூழ்கும் வகையாக எடுங்கள். தள்ளும் குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் குழாயில் உள்ளது திரும்பக் குழிக்குள் விழும். கடலோரத்தில் இருப்பவர்கள் இரும்பு உடல் பம்பைத் தவிர்ப்பது நல்லது.

பிளக் பொயின்ற் தரையிலிருந்து நாலடி உயரத்தில், ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் இருக்கட்டும். எங்கள் ஊரில் காற்றும் மழையும் கூடும் இரவில்தான் கரன்ட் போகும், பம்ப் தேவைப்படுவதும் அதே இரவில்தான். இன்வெர்ட்டரும் பட்டறியும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வாளியாவது பக்கத்தில் இருக்கட்டும். பெற்றோல் பம்பை மட்டும் கீழறைக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். அந்தப் புகை ஆளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். குழிக்கு இறுக்கமான மூடி வேண்டும், பிள்ளை விழாமல் இருக்க மட்டுமல்ல, டெங்கு நுளம்பு முட்டையிடாமல் இருக்கவும்.

தண்ணீரை எங்கே விடுவது? சுவரிலிருந்து 10 அடிக்குள் விட்டால் அதே தண்ணீர் சுற்றித் திரும்ப உங்கள் வாய்க்காலுக்கே வரும், பம்ப் இரவு முழுக்க ஒரே வாளியை இறைத்துக்கொண்டிருக்கும். மலசலகூடக் குழிக்குள் விடவே வேண்டாம், நிறைந்து பொங்கும். கிணற்றடியும் வேண்டாம். வீதிக் கானுக்குள் விடுவதென்றால் உள்ளூராட்சி சபையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பக்கத்து வளவுக்குள் விட்டால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

பிறகு

வேலை முடிந்த உடனே வர்ணம் அடிக்காதீர்கள். சுவர் பல மாதம் வியர்த்துக்கொண்டேயிருக்கும். வெள்ளை உப்புப் பூக்கும். அதை ஈரத் துணியால் துடைத்தால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும், காய்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். ஒரு கச்சான் காலம் கழியட்டும், பிறகு சுண்ணாம்பு அடிக்கலாம். ஒவ்வொரு ஒக்டோபர் தொடக்கத்திலும் மூடிகளைத் திறந்து ஹோஸ் விடுங்கள், குழிக்குள் ஒரு வாளி ஊற்றி மிதவை எழும்புகிறதா என்று பாருங்கள், பீலியில் விழுந்த வேப்பிலையை அள்ளுங்கள்.

முதல் மாரியில் வெளிமுனைக்குப் போய் ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்து வையுங்கள். முதல் சில நாள் கொஞ்சம் கலங்கி வருவது வழமை. எங்களுடையது நாலாம் நாள் தெளிந்துவிட்டது, சுண்டுவிரல் பருமனில் இரவும் பகலும் ஓடியது. ஒரு வாரத்துக்குப் பிறகும் போத்தலின் அடியில் மண் படிந்தால் துணி எங்கோ விலகியிருக்கிறது, தண்ணீரோடு அத்திவாரத்துக்கு அடியிலுள்ள மண்ணும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் பம்பை நிறுத்துங்கள், குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். அறை நனைந்தால் நனையட்டும். அந்தக் கோடையில் அந்த இடத்தை மட்டும் திறந்து துணியை மாற்றிப் போடுங்கள்.